பெண் பார்க்கப் போன அலாய் வீல்

அண்ணா!

இப்படிக் கூப்பிட்டால் காருக்கு அடியிலிருந்து "இன்னா?" என்று குரல் வரும். ஆள் தெரியாது. இரண்டு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான் அந்தக் கால்களோடுதான் பேசுவேன். சோறு ஆறுகிறது என்பேன், அம்மா கத்துகிறாள் என்பேன். கட்டைவிரல் ஆடும். "வர்றேன் போ பாப்பா" என்று உள்ளேயிருந்து பதில் வரும். இப்போது எத்தனை தடவை கூப்பிட்டாலும் குரலும் இல்லை, காலும் இல்லை.

ஆனால் அவனை நினைத்தால் எனக்கு முதலில் அழுகை வருவதில்லை. சிரிப்புதான் வருகிறது. சிரித்து முடித்த பிறகுதான் மற்றது வருகிறது. சிரிக்க வைப்பது அந்த அலாய் வீல்தான். அவனைத் தெரியாதவர்களும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும் என்று அதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு செங்கல்பட்டில். நான் எட்டாவதோடு நின்றுவிட்டு வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் டிரைவர். மகாபலிபுரம் ஓட்டலுக்கு வரும் வெள்ளைக்காரர்களையும், நாவலூர் கம்பெனிகளுக்குப் போகிறவர்களையும் யார் யாருடைய காரிலோ வைத்து ஓட்டி, கடைசியில் சொந்தமாக ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினான். சின்னக் கார், எண்ணூறு சிசி. குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி அதைக் குளிப்பாட்டுவான்.

அந்த வருஷம் அவன் எனக்கு கிளிப்பாக வாங்கிக் குவித்தான். கல்பாக்கம் பக்கம் சவாரி போய்வந்தால் கிளிப். பட்டாம்பூச்சி கிளிப், வாழைப்பழ கிளிப், முத்து வைத்த கிளிப்.

"ஏ அண்ணா, எனக்கு கீறது ஒரு தல."

"வெச்சிக்கயேன். அறுந்து கிறுந்து பூட்டா?"

"கிளிப்பு எங்கயாவது அறுவுமா?"

"நை நைங்காத. குடுத்தா வாங்கிக்கோ."

கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினம் பஜாரில் ஒரு பேன்சி ஸ்டோர், அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அவளே தன் வீட்டில் பேசிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து முறையாகப் பெண் கேட்கச் சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கு சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம். ஏனென்றால் அதற்கு முன்னால் படாளத்தில் அம்மா ஒரு இடம் பார்த்து, "டிரைவருக்குப் பொண்ணு குடுக்கறதா இல்ல" என்று அவர்கள் வாசலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண்ணை அவன் பார்த்ததுகூட இல்லை. அதனால் "போனா போவுது, மழ வர்ற மாதிரி கீது, கெளம்பு" என்று வந்துவிட்டான். இந்தப் பெண் அப்படி இல்லை.

"பாப்பா, இது பூட்டா எனக்கு வேற கெடையாது" என்றான் என்னிடம். அவன் சிரிக்காமல் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கு அவன் கண்டுபிடித்த வழிதான் வீல்.

"வண்டி போய் நிக்கறப்பவே தெரியணும், வர்றது டிரைவர் இல்ல, ஓனருன்னு."

"அதுக்கு நல்ல சட்ட வாங்கலாமே?"

"சட்டைய எவன் பாக்கறான்? வீலத்தான் பாப்பான்."

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டயர் கடைக்குப் போனோம். பெண்களின் கண்ணுக்கு எது பிடிக்கும் என்று சொல்வதற்காக என்னையும் இழுத்துக்கொண்டு போனான். பாத்திரக் கடையில் தாம்பாளத்தை மாட்டி வைத்திருப்பது மாதிரி சுவர் முழுக்க வீல். நான் ஒன்றைக் காட்டினேன். "இடியாப்பத் தட்டு மாதிரி கீது" என்றான். இன்னொன்றைக் காட்டினேன். "இது இன்னா, மார்கழி மாசக் கோலமா?" என்றான். கடைசியில் அவனே ஒன்றைப் பார்த்துவிட்டான். ஐந்து கம்பி, கண்ணாடி மாதிரி பளபளப்பு, அதில் மாட்டியிருந்த டயர் எங்கள் அத்தையின் கை தடிமன்.

கடைக்காரர் வந்தார்.

"அண்ணாத்த, வண்டியில ஸ்பிரிங்கு, ஷாக்கு எல்லாம் கம்பெனிதானே?"

"கம்பெனிதான். கையே வெக்கல."

"அப்ப இத்த எடுத்துக்கோ." வேறு ஒன்றைக் காட்டினார். "வீலு ஒரு இன்ச்சு பெர்சு. ஆனா டயரு சப்பையா வரும். மொத்தத்துல உன் பழைய டயரு ஒசரமேதான். எங்கியும் தட்டாது."

அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "வீலுக்கு ரப்பர் வளையல் போட்டுவுட்டா மாதிரி கீதே. அந்தக் குண்டு டயரு எப்டி?"

"அதுவா? ஒசரமும் ஜாஸ்தி, அகலமும் ஜாஸ்தி. ஸ்பிரிங்க மாத்தி வண்டியத் தூக்குனாத்தான் சரியா ஒக்காரும். இப்பிடியே மாட்டுனா, ஆளு ஏறுனதும் வண்டி எறங்கும். எறங்குனா டயரு போய் மட்கார்டுல தேய்க்கும்."

"நாங்க இன்னா செங்கல்லா ஏத்தப் போறோம்?"

"உன் வண்டி, உன் இஷ்டம். பாக்கறதுக்கு கெத்தா இருக்கும், அத்த நான் இல்லன்னு சொல்லல."

கெத்து என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மற்றதெல்லாம் வெளியே போய்விட்டது. கையில் சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் அந்த நாலு வீலுக்கே போனது. பழைய வீலையும் டயரையும் கடைக்காரரே எடுத்துக்கொண்டார்.

மாட்டி முடித்ததும் எனக்கு அந்தக் கார், அப்பா ஷூவுக்குள் காலை விட்டு நிற்கும் குழந்தை மாதிரி தெரிந்தது. சக்கரம் உடம்பைவிட்டு ஒரு விரல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு வேறு மாதிரி தெரிந்தது.

"பாரு பாப்பா. புலி மாதிரி கீது."

"ஆமாண்ணா" என்றேன். அவன் முகத்தைப் பார்த்தால் நீங்களும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

தட்டுகிறதா என்று பார்க்க என்னை முன்சீட்டில் உட்காரவைத்து பைபாஸில் ஒரு ஓட்டு ஓட்டினான். ரேடியோவை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டே வந்தான்.

"எதனா சத்தம் கேக்குதா?"

"ஒண்ணியும் கேக்கல."

"அதான பாத்தேன். கடக்காரன் சும்மா பயமுறுத்துறான்."

நான் அப்போது ஈர்க்குச்சி மாதிரி இருப்பேன். பைபாஸ் ரோடு பலகை மாதிரி இருக்கும். இரண்டும் எங்களுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணன், நான், அப்பா, அம்மா, அம்மாவின் தம்பி மாமா என்று ஐந்து பேர் போவதாகப் பேச்சு. மாமா அரிசி மண்டி வைத்திருந்தார். அவர் நின்றால் அவரே இரண்டு மூட்டையை அடுக்கி வைத்த மாதிரி இருப்பார். கிளம்பும் நேரத்தில் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்ன வுட்டுட்டு பூடலாம்னு பாத்தீங்களா? பூட்டா, கல்யாணத்துக்கும் நான் வர மாட்டேன், கருமாதிக்கும் வர மாட்டேன்."

"வாய அலம்பு அக்கா, நல்ல நாளும் அதுவுமா" என்றார் அப்பா. அத்தையைச் சேர்த்துக்கொண்டோம். ஆறு ஆனது. அம்மா அப்படியே நின்றுவிட்டாள். பெண் பார்க்க ஒற்றைப்படையில்தான் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்போதுதான் வரப்போகிற பெண்ணோடு சேர்ந்து ஜோடி ஆகும். ஆறு பேராகப் போனால் காரியம் கூடாது. உடனே அத்தை தன் பேத்தியைத் தெருவிலிருந்து இழுத்து, மூக்கைத் துடைத்து, பவுடர் போட்டுக் கொண்டுவந்தாள். ஏழு. அம்மாவுக்கு நிம்மதி.

"வேற வண்டி ஒண்ணு சொல்லலாமா?" என்று மாமா கேட்டார்.

"என் வண்டில தான் எல்லாரும் போறோம்" என்றான் அண்ணன். அவனுக்கு அந்த வீல் அந்த வாசலில் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

முன்னால் அப்பா, அவர் மடியில் பேத்தி. பின்னால் மாமா, அம்மா, அத்தை. மிச்சமிருந்த இடத்தில் நான், என் மடியில் பழத்தட்டு. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பெண் வீட்டுப் படி ஏறிவிட வேண்டும். நேரம் நிறைய இருந்தது.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் முதல் ஸ்பீடு பிரேக்கர். கார் ஏறி இறங்கியது. கர்ர்ர்ர்ர்.

"அடப்பாவி, எது மேல ஏத்துன?" என்றாள் அத்தை.

"நாயா?" என்றார் மாமா.

அப்பா திரும்பி மாமாவைப் பார்த்தார். "நீ மத்தியானம் இன்னா சாப்ட்ட?"

"ஒண்ணியும் இல்ல நைனா, ரோடு சரியில்ல" என்றான் அண்ணன்.

அடுத்த ஸ்பீடு பிரேக்கரில் சத்தத்தோடு ரப்பர் கருகும் வாசனையும் வந்தது. அண்ணன் வண்டியை ஓரம் கட்டி, குனிந்து பார்த்தான். பின்சக்கரம் இரண்டும் மட்கார்டுக்குள் போய் முட்டிக்கொண்டு நின்றன. எழுந்தவன் யார் முகத்தையும் பார்க்காமல், "பின்னாடி கொஞ்சம் வெயிட்டு ஜாஸ்தியா கீது" என்றான்.

யாரும் யார் பேரையும் சொல்லவில்லை. அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா வயல்வெளியைப் பார்த்தார்.

"காத்தக் கொஞ்சம் எறக்கு. டயரு அடங்கும்" என்று யோசனை சொன்னார் மாமா. இறக்கினான். டயர் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிதுங்கி, ஸ்பீடு பிரேக்கரே இல்லாத இடத்திலும் தேய்க்க ஆரம்பித்தது. "அப்ப ஏத்து" என்றார். பஞ்சர் கடை ஒன்றைத் தேடிப்பிடித்து ஏற்றினான். இப்போது கார் ரப்பர் பந்து மாதிரி குதித்தது. குதித்து விழும்போதெல்லாம் கர்ர். பழத்தட்டிலிருந்து ஒரு சாத்துக்குடி எகிறி அப்பா தலையில் விழுந்தது. இதிலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது.

"மாமா, நீ இனிமே யோசன சொல்லாத" என்றான் அண்ணன்.

வேறு வழியில்லை. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் பின்னால் இருப்பவர்கள் இறங்கி நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்வது என்று முடிவானது. அந்த ரோட்டில் ஒவ்வொரு ஊருக்கும் ஸ்பீடு பிரேக்கர் உண்டு. பள்ளிக்கூடம் இருந்தால் அதற்குத் தனியாக உண்டு. பட்டுப்புடவையோடு அத்தை இறங்குவாள், மாமா கதவைப் பிடித்துக்கொண்டு இறங்குவார், அம்மா, கடைசியாகப் பழத்தட்டோடு நான். கார் காலியாக மெல்ல ஏறி இறங்கும். நாங்கள் வரிசையாகப் பின்னால் நடப்போம்.

ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். "இன்னாபா, வேண்டுதலா?"

"பொண்ணு பாக்கப் போறோம்" என்றார் மாமா.

"நடந்தேவா? அப்ப அந்த வண்டி எதுக்கு?"

"தொணைக்கு" என்றாள் அத்தை எரிச்சலோடு.

இன்னொரு ஊரில் ஒரு அம்மா எங்கள் தட்டைப் பார்த்து எந்தக் கோயிலுக்கு என்று கேட்டு ஒரு கும்பிடும் போட்டாள். பேத்திக்கு மட்டும் இது பெரிய கொண்டாட்டம். முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, தூரத்தில் ஸ்பீடு பிரேக்கர் தெரியும்போதே "எறங்கு! எறங்கு!" என்று கத்தும்.

"இவன் கண்ணாலத்துக்குள்ள நான் பாதியா பூடுவேன்" என்றாள் அத்தை.

"அதுக்குள்ள பாதியானா எறங்கவே தேவயில்ல அத்த" என்றேன். தொடையில் ஒரு கிள்ளு கிடைத்தது.

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டு வந்தோம். அண்ணன் மட்டும் மணியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். ஒரு தடவை நான் ஏறும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டான். "போய் சேந்துடுவோமா பாப்பா?"

புதுப்பட்டினம் போகும்போது நாலேகால் தாண்டிவிட்டது. அவர்கள் தெருமுனையிலேயே ஒரு ஸ்பீடு பிரேக்கர். பேத்தி கத்தியது. இந்தத் தடவை அப்பாவும் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அண்ணன் மட்டும் காரை உள்ளே விட்டு, அந்த வீட்டு வாசலில் நிறுத்தினான்.

அங்கேதான் அவனை அவன் தொழில் காட்டிக்கொடுத்தது. வண்டி நின்றதும், ஓனர் மாதிரி இறங்க வேண்டியவன், பழக்கத்தில் ஓட்டமாகச் சுற்றிவந்து பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு பணிவாக நின்றான். உள்ளே யாரும் இல்லை.

வாசலில் நின்ற பெண்ணின் அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, புள்ள மட்டும் தனியா வந்துகினு கீது?"

அப்புறம்தான் தெருமுனையில் நாங்கள் தெரிந்தோம். புடவையைத் தூக்கிப் பிடித்த அத்தை, மூச்சு வாங்கும் மாமா, தோளில் பேத்தியோடு அப்பா, அம்மா, தட்டோடு நான். சாமியைத் தொலைத்துவிட்டு வரும் ஊர்வலம் மாதிரி.

பெண்ணின் அப்பா அணுமின் நிலையத்தில் மெயின்டனன்ஸ் வேலை பார்ப்பவர். அவர் எங்களை வாங்க என்று சொல்லவில்லை. மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. நேராகப் பின்சக்கரத்துக்கு முன்னால் குந்தினார். மட்கார்டுக்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் கறுப்பாக வந்தது. மோந்து பார்த்தார்.

"தம்பி, ஸ்பிரிங்கு கம்பெனியோடதா?"

"ஆமா சார்."

"வீலு?"

"வெளிய வாங்குனது சார். அலாய் சார்."

"லோடு டெஸ்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன் சார்."

"எவ்ளோ லோடு?"

அண்ணன் என்னைக் காட்டினான்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "இதுவா லோடு?"

தெருவே சிரித்தது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்தும் சிரிப்பு வந்தது. அண்ணனைத் தவிர எல்லாரும் சிரித்தோம்.

"ராவு காலம் வரப் போவுது, மொதல்ல உள்ள போலாம்" என்று அம்மா எங்களைத் தள்ளிக்கொண்டு படி ஏறினாள். நாங்கள் பாயில் உட்கார்ந்தோம். பார்த்தால் மாப்பிள்ளையைக் காணோம். அவனும் பெண்ணின் அப்பாவும் காருக்கு அடியில் இருந்தார்கள். ஒருவருக்கு மடித்துக் கட்டிய வேட்டி, இன்னொருவனுக்குப் புது பேன்ட்.

அந்தப் பெண் காபித் தட்டோடு வந்தாள். எல்லாருக்கும் கொடுத்தாள். ஒரு டம்ளர் மிஞ்சியது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு எடுத்துக்கொண்டு வாசலுக்கே போய், வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்துச் சொன்னாள்.

"காபி ஆறுது."

கட்டைவிரல் ஆடியது. "வர்றேன் போ பாப்பா."

சொன்ன பிறகுதான் அது என் குரல் இல்லை என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். அடியில் டங்கென்று தலை இடிக்கும் சத்தம் கேட்டது. நெற்றியில் கிரீஸோடு வெளியே வந்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு டம்ளரை நீட்டினாள்.

"ஏழு பேருக்கே எறங்கி எறங்கி நடந்தீங்களாமே. நான் வந்தா எட்டாச்சி. என்ன எந்த ஸ்பீடு பிரேக்கர்ல எறக்கி வுடுவீங்க?"

"உன்ன எறக்க மாட்டேன்" என்றான் அண்ணன். "எங்க அத்தைய எறக்கி வுட்டுர்றேன்."

"டேய்!" என்று உள்ளேயிருந்து அத்தை.

பெண்ணின் அப்பா எழுந்து கையைத் துடைத்தார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தோம். அண்ணன் காபியைக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பையன புடிச்சிருக்கு. வண்டி புடிக்கல" என்றார். "என் பொண்ணு தெனமும் ஏறப் போற வண்டி. எங்க செக்ஷன்ல டெஸ்ட் பண்ணாம ஒரு வால்வகூட வெளிய வுட மாட்டோம். பழைய வீலப் போட்டுக்கினு அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க. இதே ஏழு பேரு. யாரும் எங்கயும் எறங்கக் கூடாது. நான் தெருமுனையில நிப்பேன். சத்தம் வரலன்னா அன்னிக்கே தட்டு மாத்திக்கலாம்."

"வந்தா சார்?"

"வந்தா காபி குடிச்சிட்டு போலாம்."

திரும்பி வரும்போதும் இறங்கி ஏறித்தான் வந்தோம். பேத்தி தூங்கிவிட்டதால் கத்த ஆள் இல்லை.

மறுநாள் காலையில் அண்ணன் டயர் கடை வாசலில் நின்றான். பழைய வீல் போய்விட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தள்ளுவண்டியில் இட்லி விற்பவர் வாங்கி, நாலையும் தன் வண்டிக்கு மாட்டிவிட்டார். அலாய் வீலையும் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். டயரெல்லாம் தேய்ந்து நூல் பிரிந்திருந்தது. வேறு வாங்க அண்ணன் கையில் டப்பு இல்லை.

தினமும் அந்த இட்லி வண்டியில்தான் நாஸ்தா. தின்றுகொண்டே கெஞ்சுவான். இட்லிக்காரர் அசைய மாட்டார். "இப்பதான் வண்டி ஆடாம நிக்குது. போப்பா." கடைசியில் வெள்ளிக்கிழமை அண்ணன், அலாய் வீல் நாலையும் எடுத்துக்கொண்டு துருப்பிடித்த வீல் நாலையும் கொடு என்றான். இட்லிக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இன்னா, திருட்டு வீலா?"

"இல்லபா. பொண்ணு வூட்ல பழைய வீலு கேக்கறாங்க."

"பழைய வீலா? எந்த ஊரு சீருபா இது?"

மாற்றிக்கொண்டார்கள். கழற்றும்போது அண்ணன் ஒவ்வொரு வீலையும் ஒரு தடவை சட்டையால் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தான். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அலாய் வீல் போட்ட இட்லி வண்டி ரொம்ப நாள் நின்றது. குண்டு டயரால் வண்டி உயர்ந்துபோய், இட்லிக்காரர் பலகை மேல் ஏறி நின்றுதான் விற்பார்.

அடுத்த ஞாயிறு அதே ஏழு பேர். அம்மா அத்தையிடம், "கொஞ்சமா சாப்டுங்க அண்ணி, பையன் வாழ்க்க" என்று சொல்லப்போக, அத்தை கோபத்தில் இரண்டு மடங்கு சாப்பிட்டுவிட்டு ஏறினாள். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்று யார் சொன்னது என்று தெரியாது. சத்தம் வரவில்லை. டீக்கடைக்காரர் நாங்கள் இறங்குவோம் என்று எழுந்து நின்று ஏமாந்தார்.

தெருமுனையில் பெண்ணின் அப்பா நின்றிருந்தார். அவரோடு தெருக்காரர்களும் நின்றார்கள். அவர் குனிந்து, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். கார் மெதுவாக ஏறியது. முன்சக்கரம் இறங்கியது. பின்சக்கரம் ஏறியது. ஸ்பிரிங் அமுங்கியது. அத்தை என் கையை நசுக்கினாள். பின்சக்கரமும் இறங்கியது.

சத்தம் இல்லை.

"எறங்கு!" என்றது பேத்தி, பழக்க தோஷத்தில்.

பெண்ணின் அப்பா நிமிர்ந்து, "ம், வாங்க சம்பந்தி" என்றார். அப்பா ஜன்னல் வழியாகவே கும்பிட்டார். அண்ணன் வாசலில் போய் நிறுத்தி, சுற்றிவந்து பின்கதவைத் திறந்தான். இந்தத் தடவை உள்ளேயிருந்து நாங்கள் ஒவ்வொருவராகப் பிதுங்கி விழுந்தோம். அவன் எங்களைப் பார்க்கவே இல்லை. வாசற்படியில் அவள் நின்றிருந்தாள்.

அப்படித்தான் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தாள். முன்சீட்டு அவளுக்குத்தான் என்று ஆனது. நான் பின்னால் போனேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகாபலிபுரம் கடற்கரைக்கு மூன்று பேரும் போவோம். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் அண்ணி மெதுவாக "எறங்கவா?" என்பாள். அவன் ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்பவன் மாதிரி சிரிப்பான்.

மூன்று வருஷம்தான். மஞ்சள் காமாலை வந்தது. கண் மஞ்சளாக இருக்கிறதே என்றால், வெயிலில் ஓட்டினேன் என்றான். சாப்பாடு இறங்கவில்லையே என்றால், ஓட்டல் சாப்பாடு என்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று அவன் தன் காரில் பின்சீட்டில் உட்கார்ந்தான், அண்ணி மேல் சாய்ந்துகொண்டு. அவன் கூட்டாளி ஒருவன் ஓட்டினான். ஸ்பீடு பிரேக்கர் வந்ததும் அந்தப் பையன் பயந்துபோய் வண்டியை நிறுத்துகிற மாதிரி மெதுவாக்கினான். அண்ணன் கண்ணைத் திறக்காமல் சொன்னான்: "அத்த வண்டியில இல்லடா. தைரியமா ஏத்து."

அன்றைக்கும் நாங்கள் சிரித்தோம். அப்புறம் அவன் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

கருமாதிக்கும் வர மாட்டேன் என்று சொன்ன அத்தை, வந்து காரின் மேல் கை வைத்துக்கொண்டு அழுதாள். "என்ன எறங்குன்னு சொல்றதுக்கு இனிமே யாருடா கீறாங்க?" என்று கேட்டாள். எனக்கு அவன் மேல் கோபமாகவும் இருக்கிறது. ஊரில் உள்ள வண்டியில் எல்லாம் சின்னச் சத்தம் வந்தால்கூட அடியில் போய்ப் படுத்துப் பார்ப்பவன், தன் உடம்பை ஒரு தடவை பார்த்துக்கொள்ளவில்லையே. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

அண்ணி எங்களோடுதான் இருக்கிறாள். மறுபடி அந்தப் பேன்சி ஸ்டோருக்கே வேலைக்குப் போகிறாள். இராத்திரியில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்போம், பாதியில் நின்றுவிடுவோம்.

அண்ணன் தன் டேஷ்போர்டில் பிள்ளையார், மாதா, தர்கா படம் மூன்றையும் ஒட்டியிருந்தான். கேட்டால், "எந்த ரோட்ல எவரு டூட்டில கீறாங்களோ, நமக்கு இன்னா தெரியும்" என்பான். அதனால் இதைப் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் சரி. விளக்கு ஏற்றுகிறவர்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள், தொழுகிறவர்கள், எதுவும் செய்யாமல் மனசுக்குள் மட்டும் பேசுகிறவர்கள், எல்லாரும் உங்கள் வேண்டுதலோடு என் அண்ணனுக்கும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். போன இடத்தில் அவன் நல்லபடியாக இருக்க வேண்டும். அண்ணிக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்.